தறி வாங்கும் முன் நூலைப் பாருங்கள்: வீட்டில் துணி நெய்ய முழுமையான வழிகாட்டி

வீட்டிலேயே துணி நெய்ய வேண்டும் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது தறியைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தறி வந்த அன்றே, வீட்டில் கிடந்த மெத்தென்ற பின்னல் கம்பளி நூலை எடுத்துப் பாவாக, அதாவது நீளவாக்கு இழைகளாக, ஏற்றிவிட்டேன். இழுக்க இழுக்க அது நீண்டுகொண்டே போனது, விழுதில் (இழைகளைத் தூக்கி இறக்கும் பகுதியில்) உரசிப் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது, பக்கத்து இழையோடு ஒட்டிக்கொண்டது. நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவி, போக இடைவெளியே திறக்கவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டு முழுப் பாவையும் வெட்டி எடுத்தேன். தறியில் ஒரு குறையும் இல்லை, நூல்தான் தவறு.

அதனால் இந்த வழிகாட்டியை நூலிலிருந்தே தொடங்குகிறேன். எந்தத் தறி, எந்த அச்சு (குறுக்கு நூலை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற சட்டம்), எந்த நாடா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது நூல்தான்.

முதலில் இரண்டு சொற்கள்

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. அதன் குறுக்கே நாடாவில் போய் வருவது ஊடை. இரண்டும் நூல்தான், ஆனால் இரண்டின் வேலையும் வேறு. பாவு முழு நேரமும் இறுக்கத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறை விழுது ஏறி இறங்கும்போதும், அச்சு முன்னும் பின்னும் போகும்போதும் அதன் மேல்தான் உரசல் விழுகிறது. ஊடைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, போய்ப் படுத்துக்கொண்டால் போதும். அதனால் பாவுக்கு வலுவான நூல், ஊடைக்கு உங்கள் விருப்பம். கிழித்த பழைய துணிப் பட்டையைக்கூட ஊடையாக விடலாம், பாவாக விட முடியாது.

படி 1: என்ன துணி என்று முடிவு செய்யுங்கள்

கை துடைக்கும் துண்டா, கழுத்தில் போடும் சால்வையா, தரைவிரிப்பா? துண்டு தண்ணீரை உறிஞ்ச வேண்டும், சால்வை மடிந்து விழ வேண்டும், விரிப்பு மிதிபடத் தாங்க வேண்டும். இதை முடிவு செய்யாமல் நிறம் பிடித்திருக்கிறது என்று நூல் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும். முதல் துணிக்கு 40 செ.மீ. அகலத்தில் பருத்தித் துண்டு ஒன்று போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

படி 2: பாவு நூலைச் சோதியுங்கள்

கையில் இருக்கும் நூல் பாவுக்கு ஆகுமா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு முழ நீளத்துக்கு நூலை இரண்டு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். பட்டென்று அறுந்தால் ஆகாது. கொஞ்சம் எதிர்த்து நின்று, கையை அறுக்கிற மாதிரி இருந்தால் நல்லது. இன்னொரு சோதனையில் மெதுவாக இழுக்க வேண்டும்: அறுந்து போகாமல் ஆனால் இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் பிரிந்து போனால் முறுக்கு போதவில்லை என்று பொருள், அதை ஊடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக விரல் நகத்தாலோ சீப்பின் பல்லாலோ ஒரே இடத்தில் இருபது முப்பது முறை முன்னும் பின்னும் தேயுங்கள். பஞ்சு திரண்டு உருண்டை கட்டினால் விழுதிலும் அதேதான் நடக்கும்.

நூல் ரப்பர் மாதிரி நீள்கிறதா என்பதையும் பாருங்கள். கொஞ்சம் நீட்சி இருந்தால் நல்லதுதான், புதிதாக நெய்பவரின் சீரற்ற இறுக்கத்தை அது மன்னித்துவிடும். அதிகமாக நீண்டால், தறியில் இருக்கும்வரை துணி அகலமாகவும் நீளமாகவும் தெரியும், அவிழ்த்ததும் சுருங்கிவிடும். பின்னலுக்கென்று விற்கும் அக்ரிலிக் நூல்களிலும் மெத்தென்ற கம்பளி நூல்களிலும் இந்தப் பிரச்சினை அதிகம்.

சாயம் போகுமா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு விரல் நீள நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். சிவப்பும் கருநீலமும் வெள்ளையோடு சேரும் துணி என்றால் இதை விட்டுவிடவே கூடாது.

எந்த இழை, எதற்கு

தொடங்குபவருக்கு நான் சொல்வது இரட்டைப் புரிப் பருத்தி. அதாவது இரண்டு ஒற்றை இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல். ஒற்றை இழையும் நெய்யலாம், ஆனால் அதற்குக் கஞ்சி போட வேண்டியிருக்கும், உரசலில் சீக்கிரம் பிரியும். இரட்டைப் புரி கஞ்சி இல்லாமலே தாங்கும். பருத்தி வழுக்காது, அதிகம் நீளாது, நனைந்தால் வலு கூடும், அதனால் அடிக்கடி துவைக்கும் துணிக்குப் பொருத்தம்.

பளபளப்பான பருத்தி நூலைக் கடையில் பார்த்திருப்பீர்கள், மெர்சரைஸ்டு என்று எழுதியிருக்கும். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844இல் காஸ்டிக் சோடாவில் பருத்தியை நனைத்துக் கண்டுபிடித்த முறை அது. இழுத்துப் பிடித்தபடி நனைத்தால்தான் அந்தப் பளபளப்பு வரும் என்பது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது. இந்த நூல் வலுவானது, நிறம் ஆழமாகப் பிடிக்கும், விழுதில் பஞ்சு கிளம்பாது. சால்வைக்கும் மேசை விரிப்புக்கும் அருமை. கை துடைக்கும் துண்டுக்கு மட்டும் சாதாரணப் பருத்தியே மேல், அதுதான் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும்.

லினன் (ஆளிச்செடி நாரில் செய்த நூல்) வலுவில் முதலிடம், ஆனால் கொஞ்சமும் நீளாது. ஒரே ஒரு இழை தளர்வாக இருந்தாலும் அது அப்படியே தொங்கும். இரண்டு மூன்று பாவு ஏற்றிப் பழகிய பிறகு தொடுங்கள். நெய்யும்போது லேசாக ஈரத்துணியால் பாவைத் தடவிக்கொண்டால் அது பணியும். கம்பளியில் நீள இழைகளைச் சீவி இறுக்கமாக முறுக்கிய வகை பாவுக்கு ஆகும், புசுபுசுவென்று இருப்பது ஊடைக்கு. பட்டு வலுவானது, மெல்லியது, ஆனால் விரலில் சிறு சொரசொரப்பு இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். மூங்கில் நூல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது தாவரக் கூழை ரசாயனத்தில் கரைத்துச் செய்யும் இழை. தொட அழகாக இருக்கும், நனைந்தால் வலு குறையும். அழுத்தித் துவைக்கும் துணிக்கு அதைப் பாவாக விட வேண்டாம்.

படி 3: நூல் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நூல் கோனில் (நூல் சுற்றிய கூம்பில்) 8/2 என்றோ 2/20 என்றோ எழுதியிருக்கும். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். இரண்டில் ஒன்று நூலின் நம்பர், மற்றது எத்தனை புரி என்பது. எது எது என்பது நாட்டுக்கு நாடு முன்பின்னாக மாறும், ஆனால் சின்ன எண்தான் பெரும்பாலும் புரி. 8/2 என்றால் எட்டாம் நம்பர் இழைகள் இரண்டு. 2/20 என்றால் இருபதாம் நம்பர் இழைகள் இரண்டு.

பருத்தியில் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு) எத்தனை இருக்கிறது என்பதுதான். அதனால் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். ஒன்றாம் நம்பர் நூல் கிலோவுக்கு ஏறக்குறைய 1690 மீட்டர். 8/2 நூலில் இரண்டு இழை சேர்ந்திருப்பதால் எட்டை இரண்டால் வகுத்து நான்கு, அதை 1690ஆல் பெருக்கினால் கிலோவுக்குச் சுமார் 6770 மீட்டர். 2/20 என்றால் பத்து, அதாவது கிலோவுக்குச் சுமார் 16,900 மீட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால் எந்தக் கோனைப் பார்த்தாலும் அதில் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கவனம்: லினனுக்கு 840க்குப் பதில் 300 கஜம். கம்பளிக்குப் பல இடங்களில் மெட்ரிக் நம்பர், அதாவது ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர் என்பது. எனவே பருத்தி 8/2வும் கம்பளி 2/8உம் ஒரே தடிமன் அல்ல. டெக்ஸ் என்று போட்டிருந்தால் அது நேரெதிர்: 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்று சொல்கிறது, எண் கூடினால் நூல் தடிமன் கூடும்.

படி 4: அங்குலத்துக்கு எத்தனை இழை

என்னைக் கேட்டால் நெசவில் மிக முக்கியமான ஒற்றை முடிவு இதுதான். பாவு இழைகளை நெருக்கி வைத்தால் துணி பலகை மாதிரி விறைக்கும், விலக்கி வைத்தால் சல்லடையாகும். நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இடைவெளி தவறினால் காப்பாற்ற முடியாது.

அடிக்கோல் ஒன்றை எடுத்து, நூலை அதில் ஒரு அங்குல அகலத்துக்குச் சுற்றுங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நெருக்கி அழுத்தக்கூடாது, இழுத்து இறுக்கவும் கூடாது. எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். சாதா நெசவுக்கு, அதாவது ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும் நெசவுக்கு, அதில் பாதியைப் பாவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதி இடம் ஊடைக்கு. 20 சுற்று வந்தால் அங்குலத்துக்கு 10 இழை. சாய்கோட்டு நெசவான ட்வில் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, ஏனென்றால் அதில் ஊடை அடிக்கடி மேலும் கீழும் மாறுவதில்லை, அதற்கு இடம் குறைவாகப் போதும். விரிப்பில் ஊடை மட்டுமே தெரிய வேண்டும் என்றால் பாதியைவிட இன்னும் விலக்கி வைத்து, ஊடையை ஓங்கி அடித்து நெருக்குவார்கள்.

இது தொடக்கப் புள்ளிதான். வழுக்கும் நூலுக்குக் கொஞ்சம் நெருக்கமும் துவைத்தால் உப்பும் கம்பளிக்குக் கொஞ்சம் தளர்வும் தேவைப்படும். அதனால் பெரிய துணிக்கு முன் ஒரு கையகலம் மாதிரி நெய்து, துவைத்து, காய்ந்த பிறகு தொட்டுப் பாருங்கள்.

படி 5: எவ்வளவு நூல் வேண்டும்

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுவிடுகிறேன். துவைத்த பிறகு 16 அங்குல அகலம், ஒன்றரை மீட்டர் நீளம் உள்ள துண்டு வேண்டும். நூல் 3/2 பருத்தி, அங்குலத்துக்கு 10 இழை.

துணி நெய்யும்போது ஓரம் உள்வாங்கும், துவைத்தால் சுருங்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பருத்திக்கு 15 சதவீதம் வைப்பது என் வழக்கம். அப்படியானால் தறியில் அகலம் 19 அங்குலம், அதாவது 190 இழை. நெய்ய வேண்டிய நீளம் 1.75 மீட்டர். தறியில் கட்டுவதற்கும் கடைசியில் நெய்ய முடியாமல் மிஞ்சுவதற்கும் 60 செ.மீ. சேர்த்தால் 2.35, அதை 2.4 ஆக்கிக்கொள்ளுங்கள். 190ஐ 2.4ஆல் பெருக்கினால் பாவுக்கு 456 மீட்டர்.

ஊடைக்கு: 1.75 மீட்டர் என்பது 69 அங்குலம், அங்குலத்துக்கு 10 வரிசை, ஆக 690 வரிசை. ஒவ்வொன்றும் 19 அங்குலம் அல்ல, மேலும் கீழும் வளைந்து போவதால் 21 என்று வையுங்கள். சுமார் 368 மீட்டர் வரும். இரண்டும் சேர்ந்து 824, கைக்காவலுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் சுமார் 900 மீட்டர். 3/2 நூல் கிலோவுக்கு 2540 மீட்டர் என்பதால் 355 கிராம் போதும். ஒரே சாயத் தொகுதியில் முழுவதையும் ஒன்றாக வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் நிறம் அதேபோல் அமையாது.

படி 6: இப்போது தறி

எந்தப் பணமும் போடாமல் தொடங்க வேண்டுமானால் தடித்த அட்டையில் மேலும் கீழும் பல் வெட்டி நூலைச் சுற்றுங்கள், அல்லது மரச்சட்டத்தில் ஆணி அடியுங்கள். பாவு ஊடை என்றால் என்ன என்று கைக்குப் புரிந்துவிடும். துணி நீளம் அந்தச் சட்டத்தின் அளவுதான், வேகமும் இருக்காது.

இடுப்பில் பட்டையும் மறுமுனையில் தூணும் வைத்துக் கட்டும் இடுப்புத்தறிக்குச் சில குச்சிகளும் கயிறும் போதும். இறுக்கத்தை உங்கள் உடம்பே கொடுக்கிறது: பின்னால் சாய்ந்தால் இறுகும், முன்னால் வந்தால் தளரும். அருமையான தறி, ஆனால் முதுகு பழக வேண்டும்.

வீட்டில் நெய்ய நினைப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது மேசை மேல் வைக்கும் துளை அச்சுத் தறி. ஒரே சட்டத்தில் துளையும் பிளவும் மாறி மாறி இருக்கும். துளையில் போன இழை சட்டத்தோடு ஏறி இறங்கும், பிளவில் போன இழை இருந்த இடத்தில் நிற்கும். அந்த ஒரு சட்டமே விழுதாகவும் அச்சாகவும் வேலை செய்கிறது. அங்குலத்துக்கு 5, 8, 10, 12 என்று அளவுகளில் கிடைக்கும்; 8 அல்லது 10 வாங்கினால் பல நூல்களுக்கு உதவும். 60 செ.மீ. அகலத் தறி போதும்.

நான்கு விழுதுச் சட்டங்கள் உள்ள மேசைத்தறியும் மிதித்தறியும் வடிவங்களின் உலகத்தைத் திறந்துவிடுகின்றன. மிதித்தறியில் காலால் விழுதைத் தூக்குவதால் இரு கையும் நாடாவுக்குக் கிடைக்கும். ஆனால் அது ஒரு கட்டில் அளவு இடம் கேட்கும். ஒரு வருடம் சின்னத் தறியில் நெய்துவிட்டு யோசியுங்கள்.

சிறு கருவிகள்: எது தேவை, எது காத்திருக்கலாம்

நாடா இல்லாமல் முடியாது. இரு முனையிலும் வெட்டு உள்ள தட்டையான குச்சி நாடா சின்னத் தறிக்குப் போதும், அது துணி அகலத்தைவிட ஓரிரு அங்குலம் நீளமாக இருந்தால் கை நீட்டி எடுக்க வசதி. ஓடம் போன்ற நாடாவில் தார் (நூல் சுற்றிய சிறு குழல்) உள்ளே சுழன்று நூலை விடும், அதனால் வேகம் கூடும். தார் சுற்றும்போது இரு முனையிலும் கொஞ்சம் மேடாக்கிவிட்டு நடுவை நிரப்புங்கள், ஓரத்தைத் தாண்டி நிரப்பினால் நூல் வழுக்கி அச்சில் மாட்டும். கயிறு இழுத்தால் தானாக ஓடும் நாடா 1733இல் ஜான் கே காப்புரிமை பெற்றது. அதற்கு முன் கைக்குக் கை எறிந்துதான் நெய்தார்கள், அதனால் துணி அகலம் கை எட்டும் தூரத்தில் நின்றது. வீட்டுத் துண்டுக்கு அந்த ஓடும் நாடா தேவையே இல்லை.

இழையை அச்சில் இழுக்க மெல்லிய கொக்கி, பாவு நீளத்தை அளக்க நூலை மாட்டும் ஒரு முளை, அதை மேசையில் பிடிக்க இறுக்கி, நல்ல கத்தரி, அளவு நாடா, மழுங்கிய முனை ஊசி ஆகியவை கட்டாயம். பாவைச் சுருட்டும்போது அடுக்குகளுக்கு இடையே வைக்கக் கெட்டியான காகிதம் வேண்டும், இது இல்லாமல் ஏற்றிய பாவு நிச்சயம் சீரற்றுப் போகும். நூல் சிட்டமாக வந்தால் அதை மாட்டிச் சுழல விடக் குடை போன்ற சக்கரம் நல்லது. அதுவரை இரண்டு நாற்காலியின் முதுகை முதுகோடு வைத்துச் சிட்டத்தை மாட்டிச் சுற்றுங்கள். சிட்டத்திலிருந்து நேராகப் பாவு போட முயல வேண்டாம், சிக்கிவிடும். தார் சுற்றும் ராட்டை, பாவு ஓட்டும் பெரிய சட்டம், துணியை அகலத்துக்கு விரித்துப் பிடிக்கும் கம்பு எல்லாம் பிறகு வரட்டும்.

படி 7: பாவு ஏற்றுதல்

துளை அச்சுத் தறியில் எளிய வழி இது. தறியை மேசையில் இறுக்குங்கள், பின்பக்கக் கம்பியிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி முளையை இறுக்குங்கள். நூலைப் பின்கம்பியில் கட்டி, வளையமாக மடித்து ஒரு பிளவின் வழியே கொக்கியால் இழுத்து முளையில் மாட்டுங்கள். நூலைப் பின்கம்பியில் சுற்றி அடுத்த பிளவுக்குப் போங்கள். ஒரு பிளவுக்கு ஒரு வளையம், அதாவது இரண்டு இழை. 95 வளையத்தில் 190 இழை வந்துவிடும். எல்லா வளையமும் ஒரே இறுக்கத்தில் இருக்கட்டும். வேகமும் இழுவையும் மாறக்கூடாது என்பதால் பாதியில் எழுந்து போகாமல் ஒரே மூச்சில் முடிப்பது நல்லது.

முளைப்பக்கம் வெட்டி, ஒருவர் கற்றையைப் பிடித்து இழுத்து நிற்க, நீங்கள் காகிதம் வைத்தபடி பின் உருளையில் சுருட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு பிளவிலும் உள்ள இரண்டில் ஒன்றை வெளியே எடுத்துப் பக்கத்துத் துளையில் கோத்துவிடுங்கள். அங்குலம் அங்குலமாகப் பிரித்து முன்கம்பியில் கட்டுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு. கட்டி முடித்ததும் கண்ணை மூடி உள்ளங்கையால் பாவைத் தடவுங்கள். தளர்ந்த இடம் கையில் தெரியும், அந்த முடிச்சை மட்டும் மறுபடி இறுக்குங்கள்.

படி 8: நெய்தல்

முதல் இரண்டு அங்குலம் தடித்த பழைய நூலால் நெய்யுங்கள். முடிச்சுகளுக்கிடையே V போலக் கூடி நிற்கும் இழைகள் பரவி நேராகும், தவறாகக் கோத்த இழையும் இங்கேயே கண்ணில் படும்.

ஓரம் உள்ளே இழுபடுவதுதான் புதியவர்களின் பெரிய வருத்தம். காரணம் ஊடை போதாமை. நேராக இழுத்து வைத்த ஊடை அச்சு அடித்ததும் வளைந்து போக நீளம் தேடுகிறது, கிடைக்காததால் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறது. எனவே ஊடையைச் சாய்வாகவோ சிறு மலை போல வளைத்தோ விட்டு, பிறகு அடியுங்கள். ஓர இழையை ஊடை மெல்லத் தொட்டு நிற்க வேண்டும், கட்டி இழுக்கக்கூடாது. ஓங்கி அடிக்கவும் வேண்டாம், பாவில் அங்குலத்துக்கு 10 என்றால் ஊடையிலும் 10 வருகிற அளவுக்கு அழுத்தினால் போதும். அடிக்கோலை வைத்து அவ்வப்போது எண்ணுங்கள்.

பாவு இழை அறுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அதே நூலில் புதிய இழை ஒன்றை அதே துளை வழியே கோத்து, முன்பக்கம் துணியில் குண்டூசி குத்தி எட்டுப் போலச் சுற்றுங்கள், பின்பக்கம் சிறு எடை கட்டித் தொங்கவிடுங்கள். தறியிலிருந்து எடுத்த பிறகு முனைகளை ஊசியால் துணிக்குள் செருகிவிடலாம். நெய்து முடித்த ஒவ்வொரு முறையும் பாவின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு எழுந்திருங்கள், நூலுக்கும் ஓய்வு வேண்டும்.

படி 9: துவைத்தால்தான் துணி

தறியிலிருந்து அவிழ்த்தது இன்னும் துணி அல்ல, ஒன்றோடொன்று பின்னி நிற்கும் நூல்கள்தான். முனைகளை முடிச்சிட்டோ தைத்தோ காப்பாற்றிவிட்டு, பருத்தியை வெதுவெதுப்பான நீரில் சோப்புடன் நன்றாக அலசித் துவையுங்கள். இழைகள் உப்பி, இடைவெளிகள் மூடி, ஒன்றாகச் சேர்வதைக் கையிலேயே உணரலாம். கம்பளியை மட்டும் மென்மையாக நீரில் அழுத்தி எடுங்கள், தேய்த்தால் கெட்டித்து விடும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

காய்ந்ததும் அகலத்தையும் நீளத்தையும் அளந்து, தறியில் இருந்த அளவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள். நூல் நம்பர், அங்குலத்துக்கு எத்தனை இழை, எத்தனை கிராம் மிஞ்சியது என்பதையும் சேர்த்து, அந்த நூலில் ஒரு விரல் நீளத்தை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். நான் 15 சதவீதம் என்று சொன்ன இடத்தில் உங்கள் நூலுக்கும் உங்கள் கைக்கும் 12 வரலாம், 18 வரலாம். அடுத்த பாவுக்கு அந்த எண்ணையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.